தொண்ணூற்றாறு டிகிரி

கொளஞ்சிநாதன் ஐந்து வருடமாக ஆயிரத்து இருநூறு டிகிரி சூட்டுக்கு முன்னால் நின்று வேலை பார்த்துவந்தார். அவர் வாங்கிய கம்ப்யூட்டர் தொண்ணூற்றாறு டிகிரியில் அணைந்துபோனது. ஏன் என்று புரிய அவருக்கு ஆறு நாள் ஆனது. ஏழாவது நாள் அதை விற்றுவிட வேண்டிய நாள்.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில், மின்சார மீட்டர் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளை பியூஸ் கட்டைகளைச் செய்கிற ஒரு யூனிட்டில் அவர் பயர்மேன். இன்னும் சுடாத பச்சைச் சரக்கைச் சூளைக்குள் அடுக்கியதும் வாசலைச் செங்கல் வைத்து மூடுவார். இடுக்குகளில் களிமண் பூசுவார். நெருப்பு வைத்து, சூடு எப்படி ஏறுகிறது என்று அரை மணிக்கு ஒரு முறை நோட்டில் எழுதுவார். பூச்சில் ஒரு விரல் இடுக்கு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய் அந்தப் பக்கத்துச் சரக்கில் கீறல் விழும். அவர் அடைத்த சூளையில் அப்படி நடந்ததில்லை. முதலாளி இரண்டு தீபாவளிக்கு இதற்காகவே தனியாக ஐநூறு ரூபாய் கொடுத்திருக்கிறார்.

அதற்கு முன் பதினேழு வருடம் லாரி ஓட்டினார். சொந்த ஊர் வேப்பூர் பக்கம். சென்னை–திருச்சி ரோட்டில் எந்த ஓட்டலில் சாம்பாருக்குத் தண்ணீர் விடுகிறார்கள் என்று கிலோமீட்டர் கல்லோடு சொல்வார். 2003இல் முன்னால் போன டிப்பரிலிருந்து ஒரு ஜல்லி தெறித்து, கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து இடது கண்ணில் பட்டது. லாரியை ஓரம் கட்டி, கை பிரேக் போட்டுவிட்டுத்தான் மயங்கினார். கண் போய்விட்டது. மறு வருடம் கனரக லைசென்சைப் புதுப்பிக்கப் போனபோது, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். படித்தார். மறு கண்ணை மூடச் சொன்னார்கள். "சரிங்க, வரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

மனைவி அம்சவல்லி அந்த பியூஸ் கட்டை யூனிட்டில் பினிஷிங் பிரிவில் இருந்தார். காய்ந்த கட்டைகளின் பிசிறைச் சுரண்டித் துடைக்கும் வேலை. அவர் சொல்லித்தான் கொளஞ்சிநாதனுக்குச் சூளை வேலை கிடைத்தது.

2008 மே மாதம், பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று, பக்கத்து வீட்டுக் கவிப்ரியாவின் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த பிரவுசிங் சென்டருக்குக் கொளஞ்சிநாதன் போனார். நடத்துபவர் இளவழகன். உள்ளே எழுபது பேர், எட்டு கம்ப்யூட்டர். கூட்டம் குறையட்டும் என்று ஒதுங்கி நின்ற இடத்தில் ஒரு கல்லூரி மாணவர் ரிசல்ட்டைப் பற்றிய கவலையே இல்லாமல் கேம் ஆடிக்கொண்டிருந்தார். திரையில் ஒரு லாரி மேட்டில் ஏற முடியாமல் திணறியது. கொளஞ்சிநாதன் பத்து நிமிடம் பார்த்தார். அதற்குமேல் தாங்கவில்லை.

"தம்பி, மூணாவது கியர்ல என்னாத்துக்கு மேடு ஏத்துற? ரெண்டுக்கு வா."

மாணவர் ரெண்டுக்கு வந்தார். லாரி ஏறியது.

கவிப்ரியா 1,012 மார்க் எடுத்திருந்தாள். அந்தச் செய்தி அவள் வீட்டுக்கு மூன்று மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு சம்பளம் வாங்கும் சனிக்கிழமைகளில் சென்டருக்குப் போக ஆரம்பித்தார். மணிக்கு இருபது ரூபாய். அந்த கேமில் அவரை யாராலும் முந்த முடியவில்லை என்று எழுத ஆசைதான். எல்லோரும் அவரை முந்தினார்கள். அவர் அறுபதில் போவார். இண்டிகேட்டர் போடுவார். ஆனால் எடுத்த சரக்கைச் சேதமில்லாமல் கொண்டுபோய் இறக்கியவர் அந்த சென்டரில் அவர் ஒருவர்தான். இளவழகன் இதைக் கவனித்திருந்தார்.

"அண்ணே, ஒரு கண்ணுல இப்புடி ஓட்டுறீங்களே, எப்புடிண்ணே?"

"ரோட்டுல ஒரு கண்ணுன்னா எதுக்கால வர்ற வண்டி எம்மாந் தூரத்துல வருதுன்னு தெரியாது. இதுல எல்லாம் ஒரே கண்ணாடியில ஒட்டுன மாதிரிதான இருக்குது? உனக்கும் தூரம் தெரியாது, எனக்கும் தெரியாது. சமமாப் பூட்டுது."

ஒரே குறை, ரோடு நின்று நின்று வந்தது. ஊருக்குள் நுழைந்தால் படம் திக்கும். பிரேக் மிதித்தால், மிதித்ததற்கு அப்புறம் வரவேண்டிய ரோடு முதலில் வந்துவிடும். இரண்டு முறை பெட்ரோல் பங்கில் மோதினார்.

"கிராபிக்ஸ் கார்டு இல்லண்ணே. இதெல்லாம் பிரவுசிங்குக்கு வாங்குன மெஷினு" என்றார் இளவழகன்.

"அது எங்க விக்கிது?"

இப்படித்தான் லிஸ்ட் தொடங்கியது. சூளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்து, ஒரு வருடத்தில் பதினான்கு முறை திருத்தினார். கம்ப்யூட்டர் சாமான் விலை மாதாமாதம் இறங்கியதால், வாங்காமல் இருப்பதே ஒரு சேமிப்பு மாதிரி தெரிந்தது. இறங்கிய காசில் போன மாதம் எட்டாத சாமான் எட்டியது. அதற்குள் அதைவிட நல்லது ஒன்று வந்திருந்தது. ஒரு கட்டத்தில் அம்சவல்லி கேட்டார்: "நீங்க வாங்குறதுக்குள்ள கம்ப்யூட்டரே இல்லாமப் பூடும்போல இருக்குதே?"

பட்ஜெட் இருபத்தைந்தாயிரம். யூனிட்டில் நடந்த சீட்டுப் பணம். அது வீட்டுக்கு வந்த அன்று நடந்த பேச்சுவார்த்தை அதிக நேரம் எடுக்கவில்லை.

"பாத்ரூமுக்குக் கதவு இல்ல. தட்டி கட்டி வச்சிருக்குது. உங்களுக்கு லாரி கேக்குதா?"

"லாரி இல்ல. கம்ப்யூட்டரு."

"அதுல என்னா பண்ணுவீங்க?"

"லாரி ஓட்டுவேன்."

கண் போன பிறகு இந்த மனிதர் பஸ்ஸில்கூட டிரைவர் பக்கத்து சீட்டில் உட்காருவதில்லை, கடைசி சீட்டில்தான் உட்காருகிறார் என்பது அம்சவல்லிக்குத் தெரியும். அதேபோல, இவர் ஓடும் என்று சொல்லி வாங்கிவந்த பழைய மொபெட் மூன்று வருடமாகக் கொல்லையில் நிற்பதும் தெரியும். இரண்டையும் எடைபோட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"வாங்குங்க. ஒரு வாரம் டயம். அடுத்த ஞாயித்துக்கெழம எங் கண்ணு முன்னாடி ஒரு மணி நேரம் நிக்காம ஓடணும். நின்னுச்சின்னா, இளவழகனுக்குக் குடுத்துட்டு பாத்ரூமு கட்டுறோம். அந்தத் தம்பி இருபதாயிரத்துக்கு எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்குது."

"நீ எப்ப அவங்கிட்டப் பேசுன?"

"பேசுனேன்."

2009 ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை கொளஞ்சிநாதன் காலை ரயிலில் எழும்பூர் போய் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தார். தோளில் ஒரு சாக்கு. அதில் யூனிட்டில் பியூஸ் கட்டைகளைப் பெட்டி கட்டும்போது இடையில் வைக்கும் வைக்கோல். உடையும் சாமான் வாங்கப் போகிறவர் வைக்கோல் இல்லாமல் போவது அவருக்கு விசித்திரமாகப் பட்டது.

நான்காவது கடையில் நடராசன் என்பவர் சிக்கினார். சிக்கினார் என்பது நடராசனே சொன்ன சொல். லிஸ்டைப் படித்துவிட்டு, எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னார்: "பிராசசர் பெருசா போட்டுக்கோங்க சார். கிராபிக்ஸ் கார்டு அப்புறமா வாங்கிக்கலாம்."

"எனக்கு ஓடறது பிரச்சன இல்லங்க. பாக்குறதுதான் பிரச்சன. பிராசசரச் சின்னதாக்கி, அந்தக் காச கார்டுல போடுங்க."

நடராசன் நிமிர்ந்து பார்த்தார். கேம் ஆட மெஷின் கேட்டு வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் இதைத் தலைகீழாகச் செய்து, ஒரு மாதம் கழித்து வந்து சண்டை போடுவார்கள். இந்த மனிதர் லாரி கணக்கில் சரியாக வந்து நின்றார். ஏற்றப்போவது என்ன லோடு என்று தெரியாமல் எஞ்சின் பேசுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை.

அடுத்து பவர் சப்ளை. ஒரே வாட்ஸ் எழுதிய இரண்டு பெட்டிகளை மேசையில் வைத்தார்கள். ஒன்று நானூறு ரூபாய், ஒன்று ஆயிரத்து நூறு. கொளஞ்சிநாதன் இரண்டையும் கைக்கொன்றாகத் தூக்கிப் பார்த்தார். வேகாத கட்டையையும் வெந்த கட்டையையும் தினம் கையில் எடைபோடுகிறவருக்கு இது ஒரு நொடி வேலை.

"இது உள்ள ஒண்ணுமே இல்லியே. காத்த அடைச்சி எழுதி ஒட்டிட்டான்."

கனமானதை எடுத்துக்கொண்டார். அது சரியான தேர்வு என்று நடராசன் இன்றும் சொல்கிறார். பிறகு வெளிப்பெட்டியான கேபினட்டின் தகட்டை விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். கீறல் இருந்தால் சத்தம் மழுங்கும் என்பது பீங்கானுக்கு உண்டான சோதனை. தகடு தேறியது. மதர்போர்டைத் தட்டினார்.

"சார், சார். அதெல்லாம் தட்டக் கூடாது."

"ஏன், கீறல் இருந்தா?"

"இருக்காது சார்."

"எப்புடித் தெரியும்?"

நடராசன் பேச்சை ரேம் மெமரிக்கு மாற்றினார். இரண்டு ஜிபி. அதையும் தட்டிவிடுவாரோ என்று கையிலேயே வைத்துக்கொண்டு காட்டினார்.

மானிட்டரை இளவழகனிடம் பழையதாகவே ஆயிரத்தைந்நூறுக்குப் பேசி வைத்திருந்தார். ஸ்பீக்கர் வேண்டாம். இந்தச் சிக்கனம் எல்லாம் லிஸ்டின் கடைசி வரிக்காக: பெடலோடு கூடிய ஸ்டீயரிங், இரண்டாயிரத்து இருநூறு. அந்த வரி பதினான்கு திருத்தத்திலும் அசையவில்லை. எல்லாம் கூட்டியதில் நூறு ரூபாய் மிச்சம் நின்றது. அப்போதுதான் நடராசன் அந்த யோசனையைச் சொன்னார்.

"கேபினட்டுக்குப் பின்னாடி ஒரு ஃபேன் போட்டுக்கோங்க சார். நூத்தம்பது ரூபா."

"எதுக்கு?"

"கார்டு சூடாகும்."

"எம்மாஞ் சூடு?"

"எழுபது, எழுபத்தஞ்சு போகும். எண்பதுகூட."

கொளஞ்சிநாதன் சிரித்தார். ஒரு வாரமாக இறுக்கமாக இருந்தவர், அந்தக் கடையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எம்பது டிகிரிக்கு ஃபேனா? எங்க யூனிட்ல டீயே அதவிடச் சூடா இருக்கும்ங்க."

நடராசன் வற்புறுத்தவில்லை. திரையின் மூலையில் சூட்டைக் காட்டும் ஒரு சின்ன புரோகிராமை மட்டும் இலவசமாகப் போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது சொன்னார்: "தூசி மட்டும் படாம பாத்துக்கோங்க சார்."

மிச்சமிருந்த நூறு ரூபாயும் சாப்பாட்டிலும் ரயில் டிக்கெட்டிலும் தீர்ந்த நிலையில், கிராபிக்ஸ் கார்டு வைக்கோல் சுற்றி விருத்தாசலம் வந்து சேர்ந்தது.

மறுநாள் இளவழகன் வந்து எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தார். இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்தார்கள். ரோடு திக்கவில்லை. மழையில் வைப்பர் ஓடியது. "என் சென்டர்ல இப்புடி ஒண்ணு இருந்தா மணிக்கு நாப்பது ரூவா வாங்குவேண்ணே" என்று சொல்லிவிட்டு இளவழகன் போனார். அந்தப் பேச்சில் ஒரு காத்திருப்பு இருந்தது.

அவர் போனதும் கொளஞ்சிநாதன் தூசியைக் கவனித்தார். வீடு தொழிற்பேட்டைக்குப் பின்னால் மூன்றாவது சந்து. களிமண்ணும் வெள்ளைக்கல்லும் அரைக்கிற மாவு காற்றில் வந்து அங்கே எல்லாவற்றின் மேலும் படியும். துவைத்துப் போட்ட புடவையை உதறித்தான் மடிப்பார்கள். கேபினட்டில் பார்த்தால் முன்னால் ஓட்டை, பின்னால் ஓட்டை, பக்கவாட்டில் வரிசையாக ஓட்டை. இதை எந்த மடையன் செய்தான் என்று அவருக்குத் தோன்றியது.

யூனிட்டில் சூளை வாசலின் இடுக்கில் திணிக்கும் வெள்ளைப் பஞ்சு விரிப்பு உண்டு. கழித்துப் போட்ட துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தார். அளவெடுத்து வெட்டி, ஒவ்வொரு ஓட்டைக்கும் உள்ளிருந்து வைத்து அடைத்தார். விளிம்புகளில் டேப் ஒட்டினார். விளக்கைப் பிடித்துச் சரிபார்த்தார். ஒளி எங்கேயும் உள்ளே போகவில்லை. நல்ல வேலை. யார் பார்த்தாலும் நல்ல வேலை என்றுதான் சொல்வார்கள்.

அன்று சாயங்காலம் முப்பத்தோராவது நிமிடத்தில் கம்ப்யூட்டர் அணைந்தது.

புதன்கிழமை இருபத்தெட்டாவது நிமிடம். கரண்ட்டைச் சந்தேகப்பட்டார். மீட்டர் பெட்டியைத் திறந்து, தானே சுட்டெடுத்த புது பியூஸ் கட்டையை மாட்டினார். வியாழக்கிழமை இருபத்தொன்பது. பிளக்கை மாற்றினார். வெள்ளிக்கிழமை இருபத்தேழு. இளவழகனுக்கு நான்கு முறை போன் செய்தார். வரேன் வரேன் என்றாரே தவிர, வரவில்லை.

"இருவதாயிரத்த எண்ணி வச்சிக்கினு இருக்கிற புள்ள ஏன் வரும்?" என்றார் அம்சவல்லி. பாத்ரூமுக்கு இரும்புக் கதவா, பிளாஸ்டிக் கதவா என்று அவர் அந்த வாரம் இரண்டு கடையில் விலை கேட்டிருந்தார். அதை மறைக்கவும் இல்லை.

இதற்கிடையில் கொளஞ்சிநாதன் பழக்கத்தை விடவில்லை. கேம் ஓடும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை திரை மூலையில் இருந்த எண்ணை நோட்டில் எழுதினார். அந்த எண்கள் அவருக்குப் பிடித்திருந்தன. சூடு சீராக, எங்கேயும் தொங்காமல் ஏறியது. அவருடைய சூளையே சில நாள் அப்படி ஏறுவதில்லை.

சனிக்கிழமை மதியம் நடராசனைப் போனில் பிடித்தார். நடராசன் முதலில் கேட்டது சூட்டைத்தான்.

"அது பிரமாதமா இருக்குதுங்க. படிக்கிறேன் கேளுங்க. அஞ்சாவது நிமிசம் அறுவத்திரெண்டு. பத்துல எழுவது. பதினஞ்சுல எழுவத்தெட்டு. இருவதுல எம்பத்தாறு. இருவத்தஞ்சுல தொண்ணூத்திரெண்டு. அப்புறம் தொண்ணூத்தாறு. அதோட ஆஃப் ஆயிடுது."

எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"ஹலோ?"

"சார், அது வெந்துகிட்டு இருக்கு சார்."

"தொண்ணூத்தாறுலயா?"

"ஆமா சார். பின்னாடி கைய வச்சிப் பாருங்க, காத்து வருதா?"

"வராது. அடைச்சிருக்கேன்."

"எத அடைச்சிருக்கீங்க?"

"எல்லாத்தையும். தூசி படக் கூடாதுன்னீங்களே?"

"எத வச்சி சார் அடைச்சீங்க?"

"சூளப் பஞ்சு. ஆயிரத்து இருநூறு டிகிரி தாங்கும். அதுக்கு ஒண்ணும் ஆவாது, நீங்க கவலப்படாதீங்க."

நடராசன் பக்கத்தில் யாரிடமோ எதையோ சொன்னது கேட்டது. இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு பொறுமையாகக் கேட்டார்: "சார், உங்க சூளையில தொண்ணூத்தாறு டிகிரி இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"அது எறங்குறப்ப வர்ற சூடுங்க. வாசலப் பிரிச்சிடுவோம். கைய வுட்டு சரக்க எடுக்கவேண்டிதான்."

சொல்லிவிட்டு கொளஞ்சிநாதன் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப பிரிங்க சார்" என்றார் நடராசன்.

பஞ்சை எல்லாம் பிய்த்தெடுக்க ஒரு மணி நேரம் ஆனது. அன்றைய சோதனையில் மெஷின் நாற்பத்தெட்டு நிமிடம்தான் தாக்குப்பிடித்தது. சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் வரும் காற்றே கொதித்துக்கொண்டிருந்தது. நூற்றைம்பது ரூபாய் ஃபேன் இருநூறு கிலோமீட்டர் தள்ளி ரிச்சி தெருவில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மறுநாள்.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு இளவழகன் வந்தார். சட்டைப் பையில் பணம் துருத்திக்கொண்டு தெரிந்தது. அம்சவல்லி சுவர்க் கடிகாரத்துக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கொளஞ்சிநாதன் கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி ஓரமாகச் சாய்த்தார். பிறகு அம்சவல்லியின் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனைத் தூக்கி, கம்ப்யூட்டரின் வயிற்றுக்கு நேராக வைத்தார். வீட்டில் இருந்தது அந்த ஒரு ஃபேன்தான்.

"என்னாங்க இது?"

"ஒரு மணி நேரம்."

"நான் வேவணுமா?"

"நீதான ஓடணும்னு சொன்ன?"

ஓடியது. பத்தாவது நிமிடம் ஐம்பத்தாறு. இருபதாவது நிமிடம் அறுபத்து மூன்று. லாரி ஏதோ ஒரு வெளிநாட்டு நெடுஞ்சாலையில், வலது பக்கமாக, அறுபதில் போனது. யாரையும் முந்தவில்லை. எல்லோருக்கும் வழி விட்டது. முப்பதாவது நிமிடம் இளவழகன் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஓடாத கம்ப்யூட்டரைப் பார்க்க வந்தவருக்கு, ஓடும் கம்ப்யூட்டர் தாலாட்டாக இருந்தது.

அம்சவல்லி முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். பதினேழு வருடம் லாரி டிரைவருக்கு மனைவியாக இருந்தவர், அவர் ஓட்டி ஒரு தடவையும் பார்த்ததில்லை. லாரியில் பெண்களை ஏற்ற முதலாளி விடமாட்டார். நாற்பத்தைந்தாவது நிமிடம் லாரி ஓரம் கட்டி நின்றது. கொளஞ்சிநாதன் எழுந்தார்.

"என்னா ஆச்சி? நின்னுபோச்சா?"

"இல்ல. டீ."

"டீயா?"

"இம்மாந் தூரம் வந்தா ஒரு டீ குடிக்கணும்."

மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நிபந்தனை மெஷினுக்குத்தான், லாரிக்கு இல்லை. அம்சவல்லி ஆட்சேபிக்கவில்லை. அவர் டீ போட்டு இரண்டு பேருக்கும் எடுத்து வந்தார். இளவழகனை எழுப்பவில்லை.

கடிகாரத்தில் ஒரு மணி நேரம் முடிந்தது. திரை மூலையில் அறுபத்தெட்டு. அம்சவல்லியின் ரவிக்கை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. எழுந்துபோய் ஃபேனின் கழுத்தைப் பிடித்தார்.

"ஒரு மணி நேரம் ஆச்சி. ஃபேன எடுத்துக்கிறேன்."

கொளஞ்சிநாதன் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். ஃபேன் போனால் மெஷின் இன்னும் பத்து இருபது நிமிடம்கூடத் தாங்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அம்சவல்லி ஃபேனைத் தூக்கவில்லை. திரையைப் பார்த்தார்.

"இன்னும் எம்மாந் தூரம்?"

"எம்பது கிலோமீட்டரு."

"என்னா சரக்கு?"

"கண்ணாடி."

ஃபேனின் கழுத்திலிருந்து கையை எடுத்தார்.

"எறக்கிட்டு வாங்க."

அந்தச் சத்தத்தில் இளவழகன் விழித்துக்கொண்டு, பையைத் தொட்டுப் பார்த்தபடியே கேட்டார்: "என்னாக்கா, நின்னுடிச்சா?"

"நீ வூட்டுக்குப் போயிட்டு வா தம்பி. அடுத்த சம்பளத்துல நூத்தம்பது ரூவாய்க்கு ஒரு ஃபேன் வாங்கணும். மெட்ராசுக்கு யாரு போறாங்கன்னு கேட்டுச் சொல்லு."

மேசை மேல் சூளை நோட்டிலிருந்து கிழித்த தாள் ஒன்று கிடந்தது. பதினான்காவது லிஸ்ட். அம்சவல்லி அதை இரண்டாக மடித்து முகத்துக்கு விசிறிக்கொண்டு, நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில், இடது புறமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"லெப்ட்ல ஒரு காரு வருது" என்றார்.

"பாத்துட்டேன்" என்றார் கொளஞ்சிநாதன்.